பந்தல் போதும் இடத்தில் மண்டபம் எதற்கு?

குற்றாலத்தில் சாரல் விழும் நாள்களில், சனிக்கிழமை மாலைகளில் பேரருவிக்குச் செல்லும் சாலையில் நடப்பதே கடினம். அப்படியொரு மாலையில், நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையின் முன் நின்றிருந்தேன். மலைக்காற்று பலமாக வீசியது. எங்கோ ஒரு மரக்கிளை முறிந்து மின்கம்பியின் மீது விழுந்திருக்க வேண்டும்; சாலை முழுவதும் இருண்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிராது, விடுதிகளிலும் உணவகங்களிலும் இருந்த ஜெனரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரையத் தொடங்கின. ஜெனரேட்டர் வைத்துக்கொள்ள வசதியில்லாத தேநீர்க் கடைக்காரர், மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டே என்னிடம் கேட்டார்: “வருசத்துல ரெண்டு மாசந்தான் சார் யாவாரம். இந்தப் பக்கம் பூராவும் இத்தன காத்தாடி சுத்துது. நமக்கு மட்டும் ஏன் சார் கரண்டு நிக்க மாட்டேங்குது?”

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவன் நான். ஆனாலும், அன்று நான் சொன்ன பதில் அவருக்கு நிறைவளிக்கவில்லை, எனக்கும் அளிக்கவில்லை. அந்தக் கேள்விக்குரிய பதிலைச் சற்று விரிவாகச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரை.

கடைக்காரரின் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை - ஆரியங்காவு கணவாய் வழியாகப் புகுந்துதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. அதே காற்றுதான் தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் சமவெளியில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆக, குற்றாலத்தில் கூட்டம் மிகும் மாதங்களும் காற்றாலை மின்சாரம் மிகும் மாதங்களும் ஒன்றே. இருந்தும் தெரு இருள்கிறது என்றால், மின்சாரத்தை உற்பத்தி செய்வதும் அதை ஒரு குறிப்பிட்ட தெருவில், குறிப்பிட்ட நேரத்தில் கிடைக்கச் செய்வதும் இரண்டு வேறு பணிகள் என்பதே காரணம். முதல் பணிக்குக் காற்றாலையும் சூரியத் தகடும் போதும். இரண்டாவது பணிக்குத் துணை மின்நிலையம், மின்மாற்றி, கம்பி, கம்பம் எல்லாம் வேண்டும். நாம் செலுத்தும் கட்டணத்தில் கணிசமான பகுதி இந்த இரண்டாவது பணிக்கே செல்கிறது.

உச்ச நேரத்தின் விலை

ஒரு துணை மின்நிலையத்தை எந்த அளவில் கட்டுவது? சராசரித் தேவைக்கு ஏற்பக் கட்ட முடியாது. ஆண்டின் மிக நெருக்கடியான அந்தச் சில மணி நேரத்தைத் தாங்கும் வகையில்தான் கட்ட வேண்டும். தமிழகத்தின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டை எட்டியது. ஆண்டின் பெரும்பாலான நேரங்களில் தேவை அதைவிட வெகுவாகக் குறைவு. மாநில அளவில் உள்ள இந்த ஏற்ற இறக்கம், குற்றாலம் போன்ற பருவ ஊர்களில் இன்னும் கூர்மையானது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதிலும் வார இறுதிகளில், அதிலும் மாலை நேரங்களில் விடுதிகளின் வெந்நீர்க் கொதிகலன்களும் கடைகளின் விளக்குகளும் ஒன்றாக இயங்குகின்றன. மற்ற மாதங்களில் அதே மின்மாற்றி பாதிச் சுமையோடு நிற்கிறது.

நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள் என்பதற்காக, ஆயிரம் பேர் அமரும் கூடத்தை வீட்டோடு சேர்த்துக் கட்டுவதில்லை. வாசலில் பந்தல் போடுகிறோம். பாத்திரங்களை வாடகைக்கு எடுக்கிறோம். மின்சாரத்தில் மட்டும், ஆண்டுக்கு நூறு மணி நேரத் தேவைக்காக நாற்பது ஆண்டுகள் நிற்கும் மண்டபத்தைக் கட்டிவிடுகிறோம். வேறு வழியில்லாத காலத்தில் அது சரியாகவே இருந்தது. இப்போது வழி இருக்கிறது என்பதுதான் செய்தி.

அந்த வழியை மைக்ரோகிரிட் என்று பொறியாளர்கள் அழைக்கிறார்கள். தமிழில் நுண்மின்தொகுப்பு எனலாம். ஒரு தெருவோ, சிற்றூரோ, ஒரு மின்பாதையில் உள்ள நுகர்வோர் அனைவருமோ சேர்ந்த எல்லைக்குள், சொந்தமாக ஓர் உற்பத்தி, ஒரு சேமிப்பு மின்கலம், இரண்டையும் இயக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. வழக்கமான நாளில் இது பெருந்தொகுப்போடு இணைந்தே இருக்கும். நெருக்கடியான நேரத்தில் பெருந்தொகுப்பிடமிருந்து குறைவாக எடுத்துக்கொள்ளும். தொகுப்பு அற்றுப்போனால், தனித்து நின்று மருத்துவமனை, குடிநீர் மோட்டார், தெருவிளக்கு ஆகியவற்றையாவது இயக்கும்.

ஜெனரேட்டரோடு இயங்கும் ஒவ்வொரு விடுதியும் உண்மையில் ஒரு நுண்மின்தொகுப்புதான். மிக மோசமான ஒன்று. ஒரு லிட்டர் டீசலில் மூன்று முதல் மூன்றரை யூனிட் மின்சாரமே கிடைக்கும். லிட்டர் விலை 90 ரூபாயைத் தாண்டியுள்ள நிலையில், எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு ரூ.26 முதல் ரூ.30 வரை ஆகிறது. நம்பகமான மின்சாரத்துக்கு மக்கள் எவ்வளவு கொடுக்க அணியமாக இருக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சாலையின் இரைச்சலைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் வருவதில்லை. விடுதி அறையின் வாடகையில் சேர்ந்துவிடுகிறது.

சிறியதிலிருந்து பெரியதற்கு

மின்சார வரலாற்றில் சிறிய அமைப்புதான் மூத்தது. விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் நிறுவிய நூற்பாலை, பாபநாசத்தில் தாமிரவருணி நீர் விழும் விசையைக் கொண்டே இயங்கியது. நீலகிரியில் அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்நிலையம் அமைந்தது. அவரவர் தேவைக்கு அவரவர் விசை என்பதே அன்றைய நிலை. பைக்காரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) நீர்மின் நிலையங்கள் வந்த பிறகே நகரங்களை இணைக்கும் பெருந்தொகுப்பு உருவாயிற்று. 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் அமைந்தபின் அது சிற்றூர்கள்வரை விரிந்தது.

பெருந்தொகுப்பு வென்றதற்கு இரண்டு பொருளாதாரக் காரணங்கள் உண்டு. ஒன்று, பெரிய மின்நிலையத்தில் ஒரு யூனிட்டின் உற்பத்திச் செலவு குறைவு. மற்றொன்று, எல்லோருடைய உச்ச நேரமும் ஒன்றல்ல. ஆலைக்குப் பகலில் தேவை, வீட்டுக்கு மாலையில் தேவை, வயலுக்குப் பாசனக் காலத்தில் தேவை. அனைவரையும் இணைத்தால், தனித்தனியே வைத்திருக்க வேண்டிய மொத்தத் திறனைவிடக் குறைந்த திறனே போதும்.

இரண்டாவது காரணம் இன்றும் அப்படியே நிற்கிறது. முதல் காரணம் தளர்ந்துவிட்டது. பாலைவனத்தில் பல்லாயிரக்கணக்கில் நிறுவப்படும் சூரியத் தகடும் தென்காசியில் ஒரு மாடியில் நிறுவப்படும் தகடும் ஒரே பொருள். பெரிய பூங்காவில் நிலமும் நிறுவும் செலவும் சற்றே மலிவு; ஆனால், அந்த மின்சாரம் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டும். கம்பியில் ஏற்படும் இழப்பு, மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப உயர்வது. மின்னோட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். எனவே உச்ச நேரத்தில்தான் இழப்பும் மிகுதி. அந்த நேரத்தில் நுகர்வோரின் அருகிலேயே கிடைக்கும் ஒரு யூனிட், தொலைவில் உற்பத்தியாகும் ஒரு யூனிட்டைவிட மதிப்புமிக்கது.

அதைவிடப் பெரிய மாற்றம் மின்கலத்தின் விலையில் நிகழ்ந்தது. நம் நாட்டில் 2022-இல் நடந்த பெரிய ஒப்பந்தப்புள்ளியில், இரண்டு மணி நேரம் சேமித்துத் தரும் மின்கலத்துக்கு மெகாவாட் ஒன்றுக்கு மாதம் சுமார் ரூ.10.8 லட்சம் கேட்கப்பட்டது. 2025-இல் நடுவண் அரசின் மானியத்துடன் நடந்த ஏலங்களில் அது ரூ.2.5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. மண்டபத்தின் விலை ஏறிக்கொண்டிருக்கையில் பந்தலின் வாடகை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், குடும்பத் தலைவர் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்க்கத்தானே வேண்டும்?

ஒரு கணக்கு

கணக்குப் புரிவதற்காக, நானே சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். இவை எந்தக் குறிப்பிட்ட துணை மின்நிலையத்தின் எண்களும் அல்ல. ஓர் ஊரின் துணை மின்நிலையம் 20 மெகாவாட் தாங்கும். உச்சத் தேவை அந்த அளவை எட்டிவிட்டது. புதிய துணை மின்நிலையமும் அதற்கான மின்பாதையும் அமைக்க ரூ.20 கோடி ஆகும். கடனுக்கு வட்டி 9 சதவீதம் என்றால், அந்தச் செலவை ஓராண்டு தள்ளிப்போடுவதால் மட்டும் ரூ.1.80 கோடி மிஞ்சும்.

அதற்குப் பதிலாக, இருக்கும் துணை மின்நிலையத்தில் ஒரு மின்கலத்தை வைக்கிறோம். நடுப்பகலில் சூரிய மின்சாரத்தாலும் பின்னிரவில் காற்றாலை மின்சாரத்தாலும் அதை நிரப்பி, மாலை உச்சத்தில் எடுக்கிறோம். பெரிய ஏலத்தின் விலை சிறிய ஊருக்குக் கிடைக்காது. ஆகவே விலையை இரு மடங்காக்கி, மெகாவாட்டுக்கு மாதம் ரூ.5 லட்சம், ஆண்டுக்கு ரூ.60 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூன்று மெகாவாட் வரை மின்கலம் வைப்பது, புதிய துணை மின்நிலையத்தைவிட மலிவு. மூன்று மெகாவாட்டில் இரண்டும் சமம். அதற்கு மேல் துணை மின்நிலையமே மலிவு.

இப்போது ஊரின் மின்தேவை ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து சதவீதம் வளர்ந்தால், ஆண்டுக்கு ஒரு மெகாவாட் கூடும்; மூன்றாம் ஆண்டிலேயே சமநிலை வந்துவிடும். இரண்டு சதவீதமே வளர்ந்தால், ஏழு ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போடலாம். உச்ச நேரம் இரண்டு மணிக்குப் பதிலாக நான்கு மணி நேரம் நீடித்தால், மின்கலத்தின் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகி, சமநிலை முன்னதாகவே வந்துவிடும். ஆகவே வேகமாக வளரும் ஊருக்கு மண்டபம். மெதுவாக வளர்ந்து, உச்சம் மட்டும் கூர்மையாக உள்ள ஊருக்குப் பந்தல். ஆண்டில் சில வாரங்களே திணறும் பருவ ஊர்கள் இரண்டாவது வகையில் அமைய வாய்ப்பு மிகுதி.

காத்திருப்பதற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. மின்தேவை பற்றிய முன்மதிப்பீடுகள் பல நேரம் பொய்த்துள்ளன. நடுவண் மின்சார ஆணையத்தின் 18-ஆவது மின்தேவை மதிப்பாய்வு கணித்த வளர்ச்சி வந்துசேரவில்லை. 19-ஆவது மதிப்பாய்வு கணிப்புகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. கட்டிய துணை மின்நிலையத்தைப் பெயர்த்தெடுக்க முடியாது. மின்கலத்தை லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டு செல்லலாம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. நியூயார்க் நகரின் புரூக்ளின் - குயின்ஸ் பகுதியில் நூறு கோடி டாலருக்கு மேல் செலவாகும் துணை மின்நிலையம் ஒன்று தேவைப்பட்டபோது, கான் எடிசன் நிறுவனம் 20 கோடி டாலர் திட்டம் ஒன்றை முன்வைத்தது. மின்சிக்கனம், மின்கலம், கட்டடங்களிலேயே மின் உற்பத்தி ஆகியவற்றால் உச்சத் தேவையைக் குறைத்து, துணை மின்நிலையத்தைத் தள்ளிப்போடும் அந்தத் திட்டத்துக்கு 2014 டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் அளித்தது.

தனித்து நின்றவை, இணைந்து நின்றவை

நுண்மின்தொகுப்பு என்றதும் பெருந்தொகுப்பிலிருந்து விடுதலை என்று சிலர் உற்சாகம் கொள்கிறார்கள். அனுபவம் அதற்கு இடம் தரவில்லை.

பிகாரின் தர்னை கிராமத்தில் 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சூரிய நுண்மின்தொகுப்பை நிறுவியது. நாடே பாராட்டியது. ஆனால், கிராம மக்களில் ஒரு பகுதியினர் முதல்வரிடம் ‘உண்மையான மின்சாரம்’ வேண்டுமென்று கேட்டார்கள். சூரிய மின்சாரத்துக்கு விலை அதிகம்; குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் இயக்கக் கட்டுப்பாடு. விரைவிலேயே பெருந்தொகுப்பின் கம்பி வந்தது. மின்கலங்கள் ஓய்ந்தபின் மாற்ற ஆளில்லை. சில ஆண்டுகளில் அந்த நிலையம் கைவிடப்பட்டு, மாடு கட்டும் இடமாயிற்று.

இலங்கையின் மலைநாட்டுச் சிற்றூர்களில் 1990-களின் இறுதியிலிருந்து உலக வங்கியின் கடனுதவியோடு நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நீர்மின் திட்டங்கள் அமைந்தன. ஊரார் தாங்களே மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, ஓடையில் விசையாழி பொருத்தி, தங்கள் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கினார்கள். தேசியத் தொகுப்பின் கம்பி ஊருக்குள் வந்ததும் அவற்றில் பல கைவிடப்பட்டன. தங்கள் மின்சாரத்தைத் தேசியத் தொகுப்புக்கு விற்கும் வகையில் இணைத்துக்கொண்ட மிகச் சில திட்டங்களுக்கே மறுவாழ்வு கிடைத்தது.

நிலவியல் வேறு வழி தராத இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் கடலடிக் கம்பி பதிப்பதைவிட, சூரியன், காற்று, மின்கலம் சேர்ந்த கலப்புத் தொகுப்பு பொருத்தமானது. இந்தியாவின் 1.1 கோடி டாலர் மானியத்தில் அதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கையெழுத்தானது. தென்காசி தீவு அன்று. இங்கே தனித்து நிற்பது அறிவுடைமை ஆகாது.

நமக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி. அந்த ஊராட்சி 2006-இல் ரூ.1.55 கோடி செலவில், பெரும்பகுதி வங்கிக் கடன் பெற்று, 350 கிலோவாட் காற்றாலையை வாங்கியது. காற்றாலை நிறுவப்பட்டது ஊரில் அன்று. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பகுதியில். உற்பத்தியில் தன் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் அளவைக் கழித்து, மிகுதியை வாரியத்துக்கு விற்றது. அந்த வருவாயில் கடனையும் அடைத்தது. பொறியியல்படி அது நுண்மின்தொகுப்பு அன்று. ஆனால், பொருளியல்படி அது சொல்லும் பாடம் முதன்மையானது: உள்ளூர் உடைமை, பெருந்தொகுப்பின் இணைப்பு இரண்டும் சேர்ந்தபோது திட்டம் நிலைத்தது.

எதற்குப் பயன்படாது?

கடைக்காரரின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், எல்லையையும் சொல்ல வேண்டும். தமிழகத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி தென் மாவட்டங்களிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியிலும் இருக்கிறது. காற்று வீறுகொள்ளும் நாள்களில், மின்சாரத்தை எடுத்துச்செல்லக் கம்பியில் இடமில்லாமலோ, அந்நேரத்தில் தேவை இல்லாமலோ, உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் நிலை பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அருகிலேயே கூடங்குளத்தின் இரண்டு அணு உலைகளும் 2,000 மெகாவாட் திறன் கொண்டவை. இவ்வளவையும் தென்காசியும் நெல்லையும் உள்ளூரிலேயே பயன்படுத்திவிட முடியாது. அதற்கு வடக்கு நோக்கிச் செல்லும் உயரழுத்தப் பாதைகள் வேண்டும். கயத்தாறிலும் அபிஷேகப்பட்டியிலும் உள்ளவை போன்ற 400 கிலோவோல்ட் நிலையங்கள் வேண்டும். நுண்மின்தொகுப்பு அவற்றுக்கு மாற்று ஆகாது. அது மாற்றாவது, மரத்தின் அடிப்பகுதிக்கு அன்று, நுனிக் கிளைகளுக்கு. ஊரின் துணை மின்நிலையம், வால்பகுதி மின்பாதை, மின்மாற்றி ஆகியவையே அந்த நுனிக் கிளைகள்.

அந்த நுனியில்தான் மக்கள் வாழ்கிறார்கள். சங்கரன்கோவிலின் விசைத்தறிக்காரருக்கும் கீழப்பாவூரின் காய்கறி விவசாயிக்கும் மாநிலத்தின் மின்உற்பத்தித் திறன் எத்தனை ஆயிரம் மெகாவாட் என்பதைவிட, தங்கள் கம்பியின் முனையில் என்ன மின்னழுத்தம் கிடைக்கிறது என்பதே முக்கியம். பாதையின் வால்பகுதியில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சுருள் எரிந்தால், அந்தச் செலவு அவருடையது.

ஏன் நடப்பதில்லை?

இவ்வளவு தெளிவான கணக்கு ஏன் நடைமுறைக்கு வரவில்லை? சேமிப்பு யாருடைய பையிலும் விழுவதில்லை என்பதே காரணம். துணை மின்நிலையம் கட்டினால், ஆணையம் ஏற்கும் மூலதனச் செலவின் வட்டியும் தேய்மானமும் கட்டணத்தில் சேர்ந்துவிடும். கட்டாமல் தவிர்த்ததற்கு எந்தப் பொறியாளருக்கும் பாராட்டு இல்லை. எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் திறந்துவைக்கக் கல்வெட்டு இல்லை.

மானியமும் கணக்கைத் திசைதிருப்புகிறது. 2021-இல் ரூ.3,03,758 கோடி மதிப்பில் தொடங்கப்பட்ட, பகிர்மானத்தைச் சீரமைக்கும் நடுவண் அரசின் திட்டத்தில், கம்பியும் மின்மாற்றியும் சார்ந்த பணிகளுக்கு 60 சதவீதம்வரை மானியம் உண்டு. நம் எடுத்துக்காட்டின் ரூ.20 கோடிக்கு அத்தகைய மானியம் கிடைத்தால், பகிர்மானக் கழகத்தின் கண்ணுக்கு அது ரூ.8 கோடியாகத் தெரியும். ஆண்டு வட்டி ரூ.72 லட்சமாகத் தெரியும். உடனே ஒரு மெகாவாட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்கலம்கூட அதிகச் செலவாகத் தோன்றும். ஆனால், நாட்டுக்கு ஆகும் செலவு ரூ.20 கோடியேதான், மீதியை வரி செலுத்துவோர் கொடுக்கிறார்கள். நியூயார்க்கில் செய்தது இந்த இடத்தைச் சரிசெய்ததுதான்: தவிர்ப்பதற்காகச் செலவிட்ட பணத்துக்கும் கட்டியதற்கு இணையான ஈட்டத்தை ஆணையம் அனுமதித்தது.

இன்னொரு தடை, நம் கட்டண முறை. விவசாயத்துக்கு இலவச மின்சாரம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இவற்றின் நியாயத்தை நான் இங்கே கேள்விக்கு உட்படுத்தவில்லை. ஆனால், சுழிய விலையோடு எந்தத் தனியார் நுண்மின்தொகுப்பும் போட்டியிட முடியாது. ஆகவே நம் மாநிலத்தில் இது தனியார் முயற்சியாக வளராது. பகிர்மானக் கழகமோ, உள்ளாட்சி அமைப்போ, கூட்டுறவோதான் செய்ய வேண்டும். அது நடக்கக்கூடியதே. தெலங்கானாவின் சிரிசில்லாவில் 1970 முதல் மின் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. மலைக்கு அப்பால் கேரளத்தில் திருச்சூர் மாநகராட்சி தன் நகரில் தானே மின்பகிர்மானம் செய்கிறது.

பொதுத்துறை செய்யாவிட்டால், வசதியுள்ளோர் தாங்களாகவே செய்துகொள்வார்கள். என் கவலை அதுதான். பெரிய விடுதியும் மருத்துவமனையும் கல்லூரியும் சூரியத் தகடும் மின்கலமும் வாங்கிக்கொண்டு பெருந்தொகுப்பிலிருந்து பாதி விலகினால், கம்பிக்கும் கம்பத்துக்கும் ஆன செலவு மீதமுள்ளவர்கள் தலையில் விழும். பகிர்மானக் கழகத்தின் கடன் ஏற்கெனவே ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2022 செப்டம்பரிலிருந்து கட்டணம் படிப்படியாக உயர்ந்துவருகிறது. இன்னும் உயர்ந்தால், இன்னும் சிலர் விலகுவார்கள். இறுதியில் அந்தக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருப்பவர் ஜெனரேட்டர் வாங்க முடியாத தேநீர்க் கடைக்காரராகவே இருப்பார்.

தென்காசியில் தொடங்கலாம்

2019 நவம்பர் 22 அன்று உதயமான தென்காசி மாவட்டம், இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம். மூன்று செயல்கள் போதும்.

முதலாவது, ஒவ்வொரு துணை மின்நிலையத்திலும் ஒவ்வொரு மின்பாதையிலும் மணிக்கு மணி பதிவாகும் சுமையைப் பொதுவெளியில் வெளியிட வேண்டும். ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் திணறுகிறது என்று தெரியாமல், மண்டபமா பந்தலா என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எந்தத் துணை மின்நிலையத்துக்கும் மின்பாதைக்கும் ஒப்புதல் கேட்கும்போது, உள்ளூர் மாற்றுக்கு ஆகும் செலவையும் அதே கோப்பில் காட்ட வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதிக்க வேண்டும். மாற்று மலிவென்றால், அதற்கான செலவையும் மூலதனமாகவே ஏற்க வேண்டும். மானியமும் இரண்டுக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டு முன்னோட்டங்கள். ஒன்று, குற்றாலத்தின் ஒரு மின்பாதையில் மின்கலத்தோடு கூடிய நுண்மின்தொகுப்பு; விடுதிகள் டீசலுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை நம்பகத்தன்மைக் கட்டணமாகச் செலுத்தட்டும். மற்றொன்று, சமவெளியில் ஒரு விவசாய மின்பாதை. மாநிலத்தில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. அவற்றைப் பகலில் இயக்கத் துணை மின்நிலையத்தின் அருகிலேயே சூரிய மின்நிலையம் அமைக்க, 2019-இல் தொடங்கிய நடுவண் அரசின் குசும் திட்டம் இடமளிக்கிறது. மகாராஷ்டிரம் அதே வழியில் மிகப் பெரிய அளவில் இறங்கியிருக்கிறது. கிணற்றுக்கு மின்கலமே வேண்டாம். இறைத்த நீர் வயலில் நிற்கிறதே.

இரண்டிலும், தொகுப்பு அற்றுப்போனால் அரசு மருத்துவமனை, குடிநீர் மோட்டார், கைப்பேசிக் கோபுரம் ஆகியவை தனித்து இயங்கும்படி அமைக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று அறியக்கூடக் கைப்பேசி இயங்கவில்லை. 2018-இல் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தகைய நாளில் ஓர் ஊருக்கு நான்கு மணி நேர மின்சாரத்தின் மதிப்பை மேலே போட்ட வட்டிக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

அந்தத் தேநீர்க் கடைக்காரருக்கு இப்போது நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: காற்றாலையின் மின்சாரம் உங்கள் தெருவைத் தாண்டி வடக்கே போவதில் தவறில்லை, அதை விற்றுத்தான் மாநிலம் வாழ வேண்டும். ஆனால், பின்னிரவில் அதில் ஒரு சிறு பங்கை உங்கள் ஊர்த் துணை மின்நிலையத்திலேயே சேமித்துவைத்து மறுநாள் மாலையில் உங்களுக்குத் தர இன்று முடியும். புதிய துணை மின்நிலையத்தைவிட மலிவாகவே முடியக்கூடும். முடியுமா முடியாதா என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது அன்று. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கும் உரிமை மட்டும் உங்களுடையது. அடுத்த சாரல் வருவதற்குள் கேட்டுவிடுவது நல்லது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).